ஒன்பதாவது கேள்வியை யார் படிப்பது?

சென்ற மாதம் ஒரு பெண்மணி என் வீட்டுக்கு வந்தார். என்னிடம் தமிழ் படித்தவர். இன்று பெங்களூரில் ஒரு கல்லூரியில் அவரே மூத்த பேராசிரியை. மாணவர் நலக் குழுவுக்குப் பொறுப்பாளர். கையில் இரண்டு பக்கத் தாள் ஒன்று வைத்திருந்தார். "சார், தமிழ் மட்டும் ஒரு தடவை பார்த்துக் கொடுத்துடுங்க. கன்னடத்துக்கு வேற ஆள் சொல்லியிருக்கோம். அடுத்த வாரம் அச்சுக்குப் போகணும்" என்றார். முதலாண்டு மாணவர் அனைவருக்கும் கொடுக்கப்படவிருக்கும் வினாத்தாள் அது. யாருடைய மனத்தில் தற்கொலை எண்ணம் இருக்கிறது என்று முன்கூட்டியே கண்டறிவது அதன் நோக்கம்.

ஓய்வு பெற்ற தமிழாசிரியனுக்குப் பிழை திருத்தும் வேலை புதிதன்று. கல்யாணப் பத்திரிகையிலிருந்து சங்க ஆண்டறிக்கை வரை பார்த்துக் கொடுத்திருக்கிறேன். இந்தத் தாளில் ஒற்றுப் பிழை இரண்டோ மூன்றோதான் இருந்தன. ஆனால் திருத்தி முடித்த பிறகும் அதைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைத்தான் வாசகர்களிடம் சொல்ல விரும்புகிறேன். பிள்ளைகளை இந்நகரக் கல்லூரிகளில் சேர்த்துவிட்டு ஊரில் இருக்கும் பெற்றோர்களும், இங்கேயே பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோர்களும் இந்த விஷயத்தை அறிந்திருப்பது நல்லது.

இப்படிப்பட்ட தாள்கள் ஏன் இப்போது கல்லூரிக்குக் கல்லூரி முளைக்கின்றன என்பதற்குக் காரணம் உண்டு. தேசியக் குற்ற ஆவண மையத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் நாட்டில் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13,044 பேர். 2023இல் அது 13,892 ஆயிற்று. சுப்ரீம் கோர்ட் 2025 மார்ச்சில், உயர் கல்வி நிலையங்களில் நிகழும் மாணவர் தற்கொலைகளை ஆராய, ஓய்வு பெற்ற நீதிபதி எஸ். ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு ஒன்றை நியமித்தது. அதே ஆண்டு ஜூலை 25ஆம் தேதி, ஆந்திரத்தில் பயிற்சி வகுப்பில் இருந்த ஒரு மாணவியின் மரணம் பற்றிய வழக்கில், நாடெங்கும் உள்ள கல்வி நிலையங்களுக்கு 15 வழிகாட்டு நெறிகளை விதித்தது. நூறோ அதற்கு மேலோ மாணவர் உள்ள நிலையம் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவரையாவது வைத்துக்கொள்ள வேண்டும். ஆசிரியர், ஊழியர் அனைவருக்கும் ஆண்டுக்கு இருமுறையாவது பயிற்சி தர வேண்டும். உதவித் தொலைபேசி எண்களைப் பெரிய எழுத்தில் விடுதியிலும் வகுப்பறையிலும் எழுதி வைக்க வேண்டும் என்பன அவற்றுள் சில.

நல்ல உத்தரவு, காலம் கடந்தேனும் வந்ததே என்று மகிழ வேண்டிய உத்தரவு. ஆனால் உத்தரவு வந்ததும் நிர்வாகங்கள் முதலில் தேடுவது, 'செய்துவிட்டோம்' என்று காட்டுவதற்கு ஒரு கோப்பைத்தான். ஆலோசகருக்கு மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும், அறை ஒதுக்க வேண்டும். வினாத்தாளுக்கோ ஜெராக்ஸ் செலவுதான். ஒரே நாளில் ஆயிரம் பேரிடம் கையெழுத்து வாங்கி அடுக்கிவிடலாம். என் மாணவி அப்படிப்பட்டவர் அல்லர். உண்மையான கவலையோடுதான் வந்தார். ஆயினும் அவர் கையில் கொடுக்கப்பட்டிருந்தது தாள் மட்டுமே.

தாளின் பூர்வோத்திரத்தைச் சற்றுப் பார்ப்போம். பி.எச்.க்யூ.-9 என்பது அதன் பெயர். மனச்சோர்வு நோயை அறிய அமெரிக்க மருத்துவர்கள் அமைத்த ஒன்பது கேள்விகள்; சுமார் 6,000 நோயாளிகளிடம் சோதித்து 2001இல் அதன் தரத்தை வெளியிட்டார்கள். கடந்த இரண்டு வாரங்களில் இன்ன தொல்லை உங்களுக்கு எத்தனை நாள் இருந்தது என்று கேட்கும். விடைக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் கவனிக்க வேண்டியவர் என்று பொருள். எட்டுக் கேள்விகள் தூக்கம், பசி, களைப்பு, கவனம் போன்றவற்றைப் பற்றியவை. ஒன்பதாவது கேள்விதான் சாவைப் பற்றியது. யாரும் அனுமதி கேட்காமல் நகல் எடுத்துக்கொள்ளலாம் என்பதால் உலகெங்கும் பரவியிருக்கிறது. தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் முறையான பெயர்ப்புகளும் உண்டு. ஆனால் என் கைக்கு வந்தது அதுவன்று. ஆங்கிலத் தாளை வைத்துக் கல்லூரியில் யாரோ, அநேகமாக ஏதோ இயந்திரத்தின் துணையோடு, தாமே பெயர்த்தது.

எங்கள் வீட்டு மாடியில் தருமபுரிப் பக்கத்துப் பையன் ஒருவன் வாடகைக்கு இருக்கிறான். வேறொரு கல்லூரியில் முதலாண்டு. பத்தாவது வரை தமிழ் வழியில் படித்தவன், நல்ல பிள்ளை. தமிழ் எனக்குப் புரிகிறது, அவனுக்குப் புரிகிறதா என்று தெரிந்துகொள்ள அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "தம்பி, இதுக்குப் பதில் எழுத வேண்டாம். படிச்சா என்ன தோணுதுன்னு மட்டும் சொல்லு" என்றேன்.

முதல் கேள்வி, 'காரியங்களைச் செய்வதில் நாட்டமோ இன்பமோ குறைதல்' என்றிருந்தது. பையன் 'இன்பம்' என்ற இடத்தில் நின்று, என்னைப் பார்த்து, சிரிப்பை அடக்கிக்கொண்டான். அறம், பொருள் வரை சரி, மூன்றாவதை வயதான வாத்தியார் எதற்குக் கேட்கிறார் என்று நினைத்திருப்பான். எது செய்தாலும் பிடிக்கவில்லை, எதிலும் மனம் போகவில்லை என்று நாம் வீட்டில் சொல்வதை அப்படியே எழுதியிருந்தால் என்ன குறைந்துவிடும்? இரண்டாவது கேள்வியில் 'சோர்வாக உணர்தல்'; நான்காவதிலும் 'சோர்வாக உணர்தல்'. ஆங்கிலத்தில் முன்னது மனம் துவண்டு கிடப்பது, பின்னது உடல் களைத்துப்போவது. தமிழில் இரண்டும் ஒரே சொல்லாகி, ஒரே கேள்வியை அச்சுக்காரர் தவறி இருமுறை போட்டுவிட்டார் போலத் தோன்றுகிறது. செய்தித்தாள் படிப்பதிலோ தொலைக்காட்சி பார்ப்பதிலோ கவனம் செலுத்த முடியாமை என்றொரு கேள்வி. "நான் பேப்பர் படிக்கிறதே இல்லையே சார்" என்றான். இன்றைய இளைஞரில் செய்தித்தாள் படிக்காதவரையெல்லாம் நோயாளிக் கணக்கில் சேர்ப்பதானால் இந்தப் பத்திரிகைக்கு ஆட்சேபம் இராது. வைத்தியர்கள்தாம் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இவை சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. விடைகளுக்கான கட்டங்களில் இருந்தது சிரிக்கக்கூடிய பிழை அன்று. 'இல்லவே இல்லை', 'பல நாட்கள்', 'பாதி நாட்களுக்கு மேல்', 'கிட்டத்தட்ட தினமும்' என்று நான்கு கட்டங்கள். முறையே 0, 1, 2, 3 மதிப்பெண்கள். பையன் கேட்டான்: "பல நாள்னா நிறைய நாள்தானே சார்? பாதிக்கு மேலங்கிறது அதைவிடக் கம்மி இல்லையா?" அவன் கேட்டது நியாயம். ஆங்கிலத்தில் இரண்டாவது கட்டம் சுட்டுவது சில நாட்களை. தமிழில் 'பல' என்று எழுதியதால் அது மூன்றாவதை முந்திக்கொண்டு போய்விட்டது. உண்மையிலேயே பத்து நாள் தூங்காத ஒருவன் 'பல நாட்கள்' என்பதைத் தேர்ந்தெடுத்து ஒரே மதிப்பெண் பெறுவான். ஒன்பது கேள்விகளுக்கும் அப்படியே என்றால் அவன் மொத்தம் 9. பத்துக்கு ஒன்று குறைவு. தாள் அவனை நலமாக இருப்பவன் என்று ஒதுக்கிவிடும்! ஒரே ஓர் அடைமொழி செய்த வேலை இது.

அந்தப் பத்து என்ற எல்லையாவது நம் பிள்ளைகளுக்குப் பொருந்துமா என்றால் அதுவும் கேள்விக்குரியதே. 2013இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்று, 14 முதல் 18 வயதுள்ள பள்ளி மாணவரிடம் இதே தாளைக் கொடுத்து, பிறகு நிபுணரைக் கொண்டு நேரில் பேசச் செய்து ஒப்பிட்டுப் பார்த்து, 5 என்ற எல்லையே சரியாக இருக்கிறது என்று கண்டது. தாளைப் பெயர்ப்பது பாதி வேலைதான். பெயர்த்த தாளின் தீர்ப்பும், நேரில் உட்கார்ந்து பேசிய வைத்தியரின் தீர்ப்பும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதே மீதிப் பாதி. ஒருவர் பெயர்க்க, மற்றொருவர் அதை ஆங்கிலத்துக்குத் திருப்பி, இரண்டையும் ஒப்பிடும் முறையை வைத்துப் பலர் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். இரண்டு பண்டிதர்களும் ஒரே அகராதியைப் புரட்டியிருந்தால் தவறான சொல்லும் சரியாகவே திரும்பி வரும்.

இனி ஒன்பதாவது கேள்வி. ஆங்கிலத்தில் ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு விஷயங்கள் 'அல்லது' போட்டுக் கட்டப்பட்டிருக்கின்றன: செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு, தன் உடம்புக்குத் தானே ஊறு செய்துகொள்ளும் நினைப்பு. இரண்டும் ஒன்றல்ல என்பது பெற்ற தாய்க்குத் தெரியும். 'கடவுளே, என்னைக் கூப்பிட்டுக்கோ' என்று பாட்டி தினம் மூன்று வேளை சொல்லுவாள்; அதற்காக யாரும் பதறுவதில்லை. கையைக் கிழித்துக்கொள்ளத் தோன்றுகிறது என்று பேரன் சொன்னால் வீடு உறங்காது. இந்தக் கலப்பு மூலத்திலேயே உள்ள குறை. பெயர்ப்பு தன் பங்குக்கு மேலும் இரண்டைச் சேர்த்திருந்தது. உடம்புக்கு ஊறு செய்வதை 'உங்களைப் புண்படுத்திக்கொள்ளுதல்' என்று போட்டிருந்தது. தமிழில் புண்படுவது பெரும்பாலும் மனம்தான். அடுத்தது, 'நீங்கள் இறந்துவிட்டால் நல்லது என்ற எண்ணங்கள்' என்ற தொடர். படித்தால் சாபம் கொடுப்பதுபோல் இருக்கிறது.

பையன் அந்த வரியை இரண்டு முறை படித்துவிட்டு, "யாருக்கு நல்லது சார்?" என்று கேட்டான்.

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. ஆங்கில மூலத்தில் அது 'எனக்கு நல்லது' என்பதாகும். என் துன்பம் தீரும் என்ற பொருள். நம் பிள்ளைகளில் பலர் நினைப்பது வேறாக இருக்கக்கூடும். அப்பா நிலத்தை அடகு வைத்துக் கட்டிய பணம், அக்காவின் கல்யாணம் தள்ளிப்போனது, மூன்று பாடத்தில் பேக்லாக். நான் இல்லாவிட்டால் வீட்டுக்குச் செலவாவது மிச்சம் என்று நினைக்கிறவன், தன்னைப் பற்றிக் கேட்கும் கேள்விக்கு 'இல்லை' என்றுதான் கட்டத்தில் குறிப்பான். பொய் சொல்லவில்லை. அவனிடம் கேட்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்கவில்லை, அவ்வளவே.

பிறகு அவன் தாளின் தலைப்பகுதியைப் பார்த்தான். பெயர், வகுப்பு, வரிசை எண், பெற்றோர் கைப்பேசி எண். "இதெல்லாம் எழுதணுமா?" என்றான். ஆமாம் என்றேன். "அப்படின்னா எல்லாத்துக்கும் இல்லைன்னுதான் சார் போடுவோம்."

வேறு எப்படிப் போடுவான்? இன்டர்னல் மார்க் போடுவதும், வருகைப் பதிவில் கை வைப்பதும், விடுதியில் இடம் தருவதும் எவரோ, அவரே இந்தத் தாளையும் வாங்கி அடுக்குகிறார். உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும் என்று மாணவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஊரிலிருந்து அப்பாவை வரவழைப்பார்கள். 'பையனைக் கொஞ்ச நாள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், எங்களால் பொறுப்பேற்க முடியாது' என்பார்கள். இது நம் ஊர் வியாதி மட்டுமன்று. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் மனத்தொல்லை உள்ள மாணவர்களை வெளியேறும்படி நெருக்குகிறது என்று 2022இல் வழக்குப் போடப்பட்டு, 2023இல் பல்கலைக்கழகம் தன் விதிகளை மாற்றிக்கொண்டு சமரசம் செய்துகொண்டது. உண்மை சொன்னவனை வீட்டுக்கு அனுப்பும் இடத்தில் உண்மை கிடைக்காது.

சட்டத்தின் நிழலும் இதில் விழுகிறது. தற்கொலைக்கு முயல்வது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவின்படி நூற்றாண்டுக்கு மேல் குற்றமாக இருந்தது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, அவ்வாறு முயன்றவரைக் கடும் மன நெருக்கடியில் இருந்தவராகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 309க்கு நிகரான பொதுப் பிரிவு இல்லை. அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்தும் நோக்கத்தோடு முயல்வது மட்டுமே குற்றம். இதெல்லாம் வக்கீலுக்குத் தெரியும். 'முயற்சி' என்ற சொல்லைக் கேட்டதும் போலீஸ் ஸ்டேஷன் நினைவுக்கு வருகிற பெற்றோருக்கும் பிள்ளைக்கும் யார் சொல்லியிருக்கிறார்கள்? சிகிச்சை பெறுபவரின் விவரங்களை இரகசியமாக வைத்திருக்கும் உரிமையை அதே 2017ஆம் ஆண்டுச் சட்டம் 23ஆம் பிரிவில் தருகிறது. நான் பார்த்த தாளில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

பெங்களூர் வாசகர்களுக்கு மட்டுமே முழுதாகப் புரியக்கூடிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது. தமிழ்த் தாள் யாருக்கு? தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து வந்த பிள்ளைகளுக்குச் சரி. அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் பிறந்து, கன்னட வழியிலோ ஆங்கில வழியிலோ படித்த நம் பிள்ளைகளுக்கு? வீட்டில் வாய் நிறையத் தமிழ் பேசுவார்கள்; தமிழ் எழுத்து தெரியாது. தங்கவயலிலிருந்து விடியற்காலை ரயிலேறி வரும் பிள்ளைகளிலும் இப்படிப்பட்டவர் பலர். 2001இல் சுரங்கம் மூடிய பிறகு அந்த ஊர் குடும்பங்களின் கதை வாசகர்கள் அறியாததன்று. 'உன் தாய்மொழி எது' என்ற கட்டத்தில் தமிழ் என்று எழுதியதற்காக ஒரு பிள்ளை கையில் தமிழ்த் தாளைக் கொடுத்தால் அவன் எழுத்துக்கூட்டிப் படிப்பான். கன்னடத் தாளைக் கொடுத்தால் சரளமாகப் படிப்பான், ஆனால் அம்மாவிடம் அழுத மொழி அது அல்லவே. இந்தப் பிள்ளைக்கு ஏற்றது தாளே அன்று. வாயால் கேட்டு, வாயால் பதில் வாங்க வேண்டும்.

அப்படிச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டில் ஷோனா என்ற மொழி பேசுகிறார்கள். நம் நாட்டில் பிறந்த மனநல வைத்தியர் விக்ரம் படேல் அங்கே பணியாற்றியபோது, ஆங்கிலத் தாளைப் பெயர்த்துக்கொண்டு உட்காராமல், மனத்தொல்லை உள்ளவர்கள் தங்கள் வாயால் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுத் தொகுத்தார்கள். 'குஃபுங்கிசிசா' என்பது அவர்கள் சொல். அளவுக்கு மீறி யோசித்துக்கொண்டே இருப்பது என்று அதற்குப் பொருள். நம் வீட்டிலும் 'ரொம்ப யோசனை பண்ணிப் பண்ணியே உடம்பைக் கெடுத்துக்கிட்டான்' என்கிறோம் அல்லவா, அதே சங்கதி. அந்தச் சொற்களைக் கொண்டு பதினான்கு கேள்விகள் அமைத்து 1997இல் வெளியிட்டார்கள். பின்னர் டிக்சன் சிபாண்டா என்ற வைத்தியர் 2006 முதல் ஹராரே நகரத்தில், ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பெஞ்சு போட்டு, பயிற்சி கொடுத்த பாட்டிமார்களை அதில் உட்காரவைத்தார். அந்தக் கேள்விகளைப் பாட்டியே கேட்கிறாள்; பதிலைக் கேட்டுவிட்டு, எழுந்து போகாமல், 'சரி, இப்போது உன் பெரிய தொல்லை எது, சொல்' என்று தொடர்கிறாள். 24 மருத்துவ நிலையங்களில் 573 பேரை வைத்து நடத்திய சோதனை 2016இல் வெளியாயிற்று. பாட்டியோடு பேசியவர்கள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிடத் தெளிவாகத் தேறியிருந்தார்கள். நம்மிடம் பாட்டிகளுக்குப் பஞ்சமா?

தாள் நன்றாகவே பெயர்க்கப்பட்டு, பிள்ளைகளும் உள்ளதை உள்ளபடி எழுதுகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு கணக்கு இடறுகிறது. 2022இல் இந்தியாவில் லட்சம் பேருக்கு 12.4 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். அந்த விகிதப்படி பதினாயிரம் மாணவர் உள்ள பல்கலைக்கழகத்தில் ஓராண்டில் சுமார் ஒருவர். நூற்றுக்குத் தொண்ணூறு சரியாகச் சொல்லும் தாள் ஒன்று இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மீதிப் பத்து சதவீதம் தவறாகக் குறிக்கும் அல்லவா? ஆயிரம் பேரை அது ஆபத்தானவர் என்று சுட்டும். அந்த ஆயிரத்தில் ஒருவர் யார் என்று சொல்லாது. ஆல்பர்ட் ரோசன் என்ற அமெரிக்கர் 1954லேயே இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார். அலெக்ஸ் போகர்னி என்ற வைத்தியர் 4,800 மனநோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து, அவர்களில் 67 பேர் தற்கொலை செய்துகொண்ட பிறகு, கையிலிருந்த அத்தனை விவரங்களையும் வைத்து அவர்களை முன்கூட்டியே கண்டுபிடித்திருக்க முடியுமா என்று ஆராய்ந்து, முடியாது என்று 1983இல் எழுதினார். பிரிட்டனின் மருத்துவத் தர நிறுவனம் 2022இல், இத்தகைய அளவுகோல்களை எதிர்காலத் தற்கொலையை முன்னறிவிக்கப் பயன்படுத்தக் கூடாது என்றே விதி வகுத்துவிட்டது.

சுட்டப்பட்ட ஆயிரம் பேரும் பொய்க் கணக்கு என்று நான் சொல்லவில்லை. அவர்களில் எத்தனையோ பேர் தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், யாரிடமும் பேசாமல் துன்பப்படுகிறவர்கள், உதவி வேண்டியவர்கள். உதவுவது யார்? ஆயிரம் பேருக்கு ஓர் ஆலோசகர். ஒருவரோடு அரை மணி நேரம் பேசுவதானால் 500 மணி. நாளைக்கு ஆறு மணி நேரம் இடைவிடாமல் பேசினாலும் 83 வேலை நாட்கள் ஆகும். அதாவது ஏறக்குறைய நான்கு மாதம். முதல் நாள் ஒன்பதாவது கேள்விக்கு 'தினமும்' என்று குறித்த பிள்ளையின் முறை வருவதற்குள் செமஸ்டர் பரீட்சை வந்துவிடும். 'நான் சொன்னேன், யாரும் கேட்கவில்லை' என்று அவன் எண்ணத் தொடங்கினால் அந்தத் தாள் நன்மை செய்ததா, தீமை செய்ததா?

கேட்பதே தவறு, இல்லாத எண்ணத்தைத் தூண்டிவிடும் என்று பெரியவர்கள் சிலர் சொல்லுவார்கள். அது சரியன்று. நியூயார்க் மாநிலத்தின் பள்ளிகளில் 2,342 மாணவர்களை வைத்து இதையே சோதித்து 2005இல் வெளியிட்டார்கள். கேள்வி கேட்கப்பட்டவர்களுக்கு, கேட்கப்படாதவர்களைவிட மனவேதனையோ அந்த எண்ணமோ கூடவில்லை. ஏற்கெனவே துன்பத்தில் இருந்தவர்களுக்கு வேதனை சற்றுக் குறைந்தே இருந்தது. ஆகவே கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். யார் கேட்பது, எந்தச் சொல்லால் கேட்பது, கேட்ட பிறகு என்ன செய்வது என்பதிலேதான் என் வழக்கு.

ஜப்பானியர் 1966லேயே பல்கலைக்கழக மாணவர்களுக்கென்று அறுபது கேள்விகள் கொண்ட தாள் ஒன்றை அமைத்தார்கள். அதிலும் சாக வேண்டும் போலிருக்கிறதா என்று ஒரு கேள்வி உண்டு. பின்னர் சீனத்தில் அதைப் பெயர்த்துப் புதிய மாணவர்களிடம் பரவலாகக் கொடுத்தார்கள். மற்ற மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த ஒரு கேள்விக்கு 'ஆம்' என்றவரை நேரில் அழைத்துப் பேச வேண்டும் என்பது அங்கே நடைமுறை. அதாவது தாள் என்பது நேர்ப்பேச்சுக்கு ஓர் அழைப்புச் சீட்டு. பேச ஆள் இல்லாமல் அழைப்புச் சீட்டை மட்டும் அச்சடித்துக் கொடுத்தால், கல்யாண மண்டபத்துக்கு வந்த விருந்தாளி பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புவது போலத்தான்.

ஆகவே என் மாணவியிடம் நான் சொன்னது இது: "அம்மா, இந்தப் பெயர்ப்பைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். முறையாகச் சோதித்த தமிழ்த் தாளும் கன்னடத் தாளும் இருக்கின்றன. நிம்ஹான்ஸ் இதே ஊரில் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். வாங்கியதையும் உங்கள் பிள்ளைகள் பத்துப் பேரிடம் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு அச்சுக்குக் கொடுங்கள். ஒரே நாளில் ஆயிரம் பேருக்குக் கொடுக்காதீர்கள். ஆலோசகர் ஒரு வாரத்தில் எத்தனை பேரோடு பேச முடியுமோ அத்தனை பேருக்கு மட்டும், வகுப்பு வகுப்பாகக் கொடுங்கள். தாளை வாங்கி வைப்பது துறைத் தலைவராகவோ வார்டனாகவோ இருக்கக் கூடாது. முதலாண்டுப் பிள்ளைகளில் பதினெட்டு நிறையாதவர் இருப்பார்கள். பெற்றோரிடம் எப்போது சொல்வோம், எப்போது சொல்ல மாட்டோம் என்பதைத் தாளின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். உண்மை எழுதிய எவரையும் விடுதியைவிட்டு அனுப்பமாட்டோம் என்று பிரின்சிபால் கையெழுத்தோடு இரண்டாவது வரி இருக்கட்டும்."

மெஸ்ஸில் பரிமாறுகிறவருக்கு எந்தப் பையன் நான்கு நாளாகச் சாப்பிட வரவில்லை என்பது தெரியும். அறைத்தோழனுக்கு எவன் இரவெல்லாம் விழித்திருக்கிறான் என்பது தெரியும். கோர்ட் சொன்ன ஆண்டுக்கு இருமுறைப் பயிற்சியை இவர்களிடமிருந்து தொடங்கினால், ஒன்பது கேள்வியும் கண்டுபிடிக்காததை இவர்கள் கண்டு சொல்லிவிடுவார்கள். பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் போன்ற அமைப்புகளும் இதில் கை கொடுக்கலாம். தமிழில் பேசத் தெரிந்த, பயிற்சி பெற்ற பெரியவர்கள் வாரம் இரண்டு மாலை கல்லூரி விடுதிக்குப் போய் உட்கார்ந்தால் அதுவும் ஒரு பெஞ்சுதான். மத்திய அரசின் டெலி-மானஸ் சேவை 2022 அக்டோபர் முதல் நடக்கிறது. 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். தமிழிலும் பேசலாம், கன்னடத்திலும் பேசலாம். இதைப் படிக்கும் எவருக்கேனும், அல்லது எவர் வீட்டுப் பிள்ளைக்கேனும், இன்று இரவே பேச வேண்டுமென்று இருந்தால் அந்த எண் இன்றே வேலை செய்யும்.

என் மாணவி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். கடைசியில் தாளின் அடியில் நானே பேனாவால் ஒரு கோடு போட்டு, 'ஒன்பதாவது கேள்வியின் விடையைப் படித்தவர் பெயர், தேதி, நேரம்' என்று எழுதி, அது நிரப்பப்படாத தாள் எதையும் கோப்பில் சேர்க்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தனுப்பினேன். மற்ற திருத்தங்களுக்கு ஆட்சேபம் இல்லையாம். அந்தக் கோட்டைப் பற்றி மட்டும் நிர்வாகக் குழு அடுத்த மாதம் கூடி முடிவு செய்யும் என்று நேற்று டெலிபோனில் சொன்னார்.